ட் எங்கே உட்காரும்?

கலைத்துப்போட்ட ஆறேழு எழுத்துகளைக் கொடுத்து, இவற்றில் எத்தனை சொல் வரும் என்று கேட்டால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் உடனே சொல் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். நான் முதல் ஐந்து நிமிடம் சொல்லையே தேட மாட்டேன். எந்த எழுத்து எங்கே உட்காரும், எங்கே உட்காராது, யாருக்குப் பக்கத்தில் யார் வரலாம் என்று மட்டும் பார்ப்பேன். தமிழில் எழுத்துப் புதிர் போடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் விலாவாரியாக எழுதப் போகிறேன்.

முதலில் எந்த விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் 'ஸ்பெல்லிங் பீ' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2014இல் அவர்களுடைய வார இதழில் அச்சில் வர ஆரம்பித்து, 2018 மே மாதத்திலிருந்து இணையத்தில் தினமும் வருகிறது. தேன்கூட்டு அறைகள் மாதிரி ஏழு அறுகோணம், அறைக்கு ஒரு எழுத்து. நடுவில் இருக்கும் எழுத்து எல்லாச் சொல்லிலும் கட்டாயம் வர வேண்டும். குறைந்தது நான்கு எழுத்துச் சொல். ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏழு எழுத்தும் வந்துவிட்டால் அதற்குப் பெயர் 'பேன்கிராம்', கூடுதலாக 7 புள்ளி. மொத்தப் புள்ளியில் 70 சதவீதம் எடுத்தால் 'ஜீனியஸ்', எல்லாச் சொல்லையும் கண்டுபிடித்தால் 'குயின் பீ'.

நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பெண் இதற்கு அடிமை. அங்கே அதிகாலை 3 மணிக்குப் புதிர் மாறும். நமக்கு மதியம் பன்னிரண்டரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஒன்றரை. அவள் விளையாடுவதைப் பார்த்த பெரியக்கா, "இதைத் தமிழ்ல போட்டா என்ன?" என்று கேட்டாள். பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கேட்டதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையிலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுத்துகள் வந்து விழுந்தன. அன்றிலிருந்து அவள்தான் எங்களுக்குப் புதிராசிரியர், நடுவர், உச்ச நீதிமன்றம் எல்லாம்.

விதிகள் ஏறக்குறைய அதேதான். ஆறு அல்லது ஏழு எழுத்து, அதில் ஒன்று கட்டாய எழுத்து. குறைந்தது மூன்றெழுத்துச் சொல். எல்லா எழுத்தும் வரும் சொல்லுக்கு 'முழுச்சொல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். உயிர்மெய் ஒரே எழுத்துதான். 'டு' கொடுத்தால் அதிலிருந்து 'ட' எடுக்க முடியாது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. அதனால் ஆங்கிலப் புதிருக்கு ஊரெல்லாம் சொல்லும் யோசனைகள் இங்கே அப்படியே செல்லாது. 'ஐ என் ஜி' இருக்கிறதா, 'யூ என்' இருக்கிறதா என்று முன்னொட்டும் பின்னொட்டும் பார்ப்பது அவர்கள் வழி. நம் வழி வேறு. அதைப் பவணந்தி முனிவர் நன்னூலிலும் அவருக்கு முன்பே தொல்காப்பியர் தொல்காப்பியத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்தோமே, மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று, அதுதான்.

ஒரு புதிரை வைத்தே காட்டுகிறேன். ஒருநாள் அக்கா கொடுத்த எழுத்துகள் இவை: ர, டு, க, ம், ட், ம. கட்டாய எழுத்து ம்.

முதலில், எது சொல்லுக்குத் தொடக்கமாக வரும்? மெய்யெழுத்து முதலில் வராது. ஆகவே ட், ம் இரண்டும் போயிற்று. ட வரிசை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. டு போயிற்று. ர வரிசையும் அப்படித்தான். ஆனால் ரசம், ரதம் என்று வெளியிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்ட சொற்கள் இருப்பதால் ர-வை ஓரமாக வைத்துக்கொள்ளலாம். மிச்சம் க, ம. ஆறு எழுத்தில் தொடக்கத்துக்குத் தகுதி உள்ளவை இரண்டு, சந்தேகத்துக்கு ஒன்று.

அடுத்தது முடிவு. ட் சொல்லின் கடைசியில் வராது. வல்லின மெய் ஆறும் அப்படித்தான். கட்டாய எழுத்தான ம் எங்கே வரும்? நடுவில் வந்தால் அதற்கு அடுத்து ப, ம, ய, வ வரிசைகளில் ஒன்றுதான் வர முடியும். (சம்சாரம் மாதிரி வடமொழிச் சொற்கள் வேறு கணக்கு.) நம் கையில் அந்த வரிசைகளில் இருப்பது ம மட்டும். அப்படியானால் இன்றைய விடைகள் ஒவ்வொன்றும் ஒன்று 'ம்ம' என்று நடுவில் இரட்டிக்க வேண்டும், அல்லது ம்-இல் முடிய வேண்டும்.

கவனியுங்கள், இன்னும் ஒரு சொல்கூடத் தேடவில்லை. ஆனால் 'ம்ம'-வை இப்போதைக்கு ஒதுக்கினால் மூன்று சட்டங்கள் கையில் வந்துவிட்டன: க-வில் தொடங்கி ம்-இல் முடிவது, ம-வில் தொடங்கி ம்-இல் முடிவது, ர-வில் தொடங்கி ம்-இல் முடிவது. இனி நடுவை நிரப்ப வேண்டியதுதான்.

நடுவில் ஒரே எழுத்து வைத்துப் பார்த்தால் கரம், மரம், மகம், ரகம் தானாக வருகின்றன. க-வுக்கும் ம்-க்கும் நடுவே ம வைத்தால் கமம். இது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான் போட்டாள். "மாமி, எங்கட ஊரில கமம் எண்டால் வயல் வேலை, விவசாயம்" என்று அவள் எழுதியதும் அக்கா சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டி உறுதிசெய்தாள். புதிருக்கு ஒரு புள்ளி. எங்களுக்கு ஒரு புதுச் சொல். வெவ்வேறு ஊர்க்காரர்கள் சேர்ந்து விளையாடுவதில் இருக்கும் லாபம் இது. நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், ஈழத்தமிழ் மூன்றும் ஒரே குழுவில் இருந்தால் எந்தப் புதிரும் தாங்காது.

நடுவில் இரண்டு எழுத்து வைக்கும்போது வெறும் இடமாற்றம் போதாது, கொஞ்சம் துறை துறையாகப் போக வேண்டும். நான் எப்போதும் ராசியிலிருந்து ஆரம்பிப்பேன். பன்னிரண்டு ராசியில் கன்னியும் தனுசும் தவிர மற்ற பத்தும் ம்-இல் முடிகின்றன. ம் கட்டாய எழுத்தாக வரும் நாளில் ராசிப் பட்டியலை ஒருமுறை மனசுக்குள் ஓட்டாமல் விடவே கூடாது. அப்படித்தான் மகரம் கிடைத்தது. நட்சத்திரங்களிலும் ம்-இல் முடிபவை நிறைய. மகத்தை முன்பே எடுத்துவிட்டோம். அடுத்து ஆட்டம், பாட்டு: கரகம் வந்தது, கர்நாடக சங்கீதத்தின் கமகம் வந்தது. இதற்கப்புறம் மரம் செடி, பாத்திரம் பண்டம், மாதம் கிழமை, ஊர்க் கோயில் திருவிழா என்று வரிசையாகப் போவேன். வெட்டவெளியில் சொல் தேடுவதைவிட ஒரு துறைக்குள் நுழைந்து தேடுவது நூறு மடங்கு எளிது. நமக்குத் தெரிந்த சொற்கள் அகரவரிசையில் நினைவில் இருப்பதில்லையே, கூட்டம் கூட்டமாகத்தானே இருக்கின்றன.

ககரம், ரகரம் இரண்டையும் தம்பி போட்டான். எழுத்தின் பெயர்தானே என்று சிலர் மறுத்தார்கள். "இலக்கண நூல்ல அந்தப் பேருலதானே சொல்லுதாங்க? செல்லும்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இதிலும் ஒரு வழி இருக்கிறது. க, ர, ம் மூன்றும் சேர்ந்து வந்தால் குறில் எழுத்துகளின் பெயரை முயலலாம். நெடிலுக்கு 'காரம்' வேண்டும்.

இப்போது ட்-க்கு வருவோம். தலைப்பிலேயே அதை வைத்ததற்குக் காரணம் உண்டு. புதிரில் எந்த எழுத்து உங்களை மிரட்டுகிறதோ, எது எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறதோ, அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். நிறைய இடத்தில் உட்காரக்கூடிய எழுத்து நிறைய யோசிக்க வைக்கும். இடமே இல்லாத எழுத்து உங்கள் வேலையைக் குறைக்கும். ட் முதலிலும் வராது, கடைசியிலும் வராது. நடுவில் வந்தால் அதற்குப் பின்னால் ட வரிசையோ, க, ச, ப வரிசையோதான் வரும்: பாட்டு, வெட்கம், ஆட்சி, நட்பு. அன்றைய எழுத்துகளில் இதற்குப் பொருந்துபவை டு-வும் க-வும். ட்க என்று முயன்றால் ஒன்றும் நகரவில்லை. ட்டு என்று வைத்தால் உடனே கட்டு, மட்டு.

இரண்டிலும் ம் இல்லை. எனவே விடையாகச் செல்லாது. ஆனால் இங்கேதான் பலர் அவசரப்பட்டு அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். செல்லாத சொல்லை ஒருபோதும் விடாதீர்கள். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது விடையின் பாதியாக இருக்கலாம். 'கட்டு' என்று எழுதி, கொடுத்த ஆறு எழுத்தில் க, ட், டு மூன்றையும் அடித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்த்தேன். ம, ர, ம்.

கட்டுமரம்.

அந்த நொடிக்காகத்தான் நான் இந்த விளையாட்டை விளையாடுகிறேன் என்று சொல்லலாம். முழுச்சொல்லை நேராகத் தேடினால் அகப்படாது. ஒரு துண்டை உடைத்தெடுத்து, மீதியைப் பார்க்க வேண்டும். தமிழில் நீளமான சொற்களில் பல இரண்டு சிறு சொற்கள் கூடியவைதான்: மாட்டுவண்டி, தேன்கூடு, பனைமரம், நெல்வயல். புதிர் வைக்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆகவே கூட்டுச்சொல்லாக இருக்கும் என்று எண்ணியே முழுச்சொல்லை அணுகுங்கள்.

அன்றைக்குக் குழுவில் பெரிய ஏமாற்றம் எது தெரியுமா? கமரகட்டு. க, ம, ர, க, ட், டு எல்லாம் இருக்கின்றன. ஆறு எழுத்தில் ஐந்து வந்துவிட்டது. கட்டாய எழுத்தான ம் மட்டும் இல்லை! தேங்காயும் வெல்லமும் மணக்கும் அந்த மிட்டாயின் பேர் கண் முன்னால் நின்றும் புள்ளி கிடையாது. சித்தப்பா அரை மணி நேரம் வாதாடினார். அக்கா அசையவில்லை. சிலர் அதை கமர்கட் என்றும் கமர்கட்டு என்றும் எழுதுவார்கள் என்பது வேறு பஞ்சாயத்து.

மற்ற மெய்களுக்கும் இதேபோல் குணம் உண்டு. ஒருமுறை மனசில் பதித்துக்கொண்டால் புதிரைப் பார்த்த மாத்திரத்தில் பாதி வேலை முடிந்துவிடும். க், ச், த், ப் நான்கும் தத்தம் வரிசையோடு மட்டுமே சேரும். க் வந்தால், வடமொழிச் சொற்களை விட்டுவிட்டால், அடுத்தது க வரிசைதான், பேச்சுக்கே இடமில்லை. ர், ழ் இரண்டும் இதற்கு நேர் எதிர். தமிழில் 'ர்ர', 'ழ்ழ' கிடையாது; பிற எழுத்தோடுதான் சேரும். அதிலும் ய், ர், ழ் மூன்றுக்கும் ஒரு தனிச் சலுகை: பின்னால் இன்னொரு மெய்யையும் கூட்டிக்கொள்ளும். வாய்க்கால், பார்த்தல், தாழ்ப்பாள். புதிரில் ழ்-உம் ப்-உம் பா-வும் சேர்ந்து வந்தால் இதை மறக்காமல் முயலுங்கள். இரண்டு மெய் அடுத்தடுத்து வரும் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதே இல்லை.

மெல்லினத்தில் ங், ஞ், ந் மூன்றும் ரொம்பக் கறார். ங் என்றால் பின்னால் க வரிசை, ஞ் என்றால் ச வரிசை, ந் என்றால் த வரிசை என்றே பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தன்னைத்தானே இரட்டிக்கும். ப, த, து, ந், ல், ம் என்று ஒரு புதிர் வந்தால், ந் பக்கத்தில் த-வையும் து-வையும் மாற்றி மாற்றி வைத்தாலே பந்து, பந்தல், பந்தம், தந்தம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ண், ன் இரண்டும் அவ்வளவு கறார் இல்லை. ண்ட, ன்ற என்று முதலில் முயன்றுவிட்டு, நண்பன், அன்பு மாதிரி வேறு கூட்டும் உண்டா என்று பார்க்கலாம்.

உயிரெழுத்து வந்தால் கொண்டாடுங்கள். அளபெடையை விட்டுவிட்டால் உயிர் சொல்லின் தொடக்கத்தில் மட்டும்தான் வரும். அ கொடுத்திருக்கிறார்கள், அதுவே கட்டாய எழுத்து என்றால், எல்லா விடையும் அ-வில்தான் ஆரம்பம். ஆய்தம் இன்னும் எளிது: முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லின உயிர்மெய். எஃகு, அஃது. ஃ இருந்தால் கடினமான புதிர் என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைவிட இனிப்பான எழுத்து கிடையாது.

கிடைத்த சொல்லையே விதையாக வைத்து அடுத்த சொல்லை வளர்ப்பது இன்னொரு வழி. 'கரம்' கிடைத்ததும் அதோடு நிற்காமல், மிச்ச எழுத்துகளை ஒவ்வொன்றாக முன்னால், நடுவில் வைத்துப் பாருங்கள். ம வைத்தால் மகரம். வேறு புதிராக இருந்தால் நகரம், சிகரம், தகரம், அகரம். நம் முன்னோர் இதையே ஒரு கவிதைக் கலையாகச் செய்திருக்கிறார்கள். தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் எழுத்து வருத்தனம் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லில் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வேறு வேறு பொருள் வரச் செய்வது. அக்கரச் சுதகம் அதற்கு எதிர். எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவது. எழுத்துகளைக் கலைத்து அடுக்கி விளையாடுவது நமக்கு அமெரிக்கப் பத்திரிகை சொல்லிக்கொடுத்த பழக்கம் அல்ல.

ஸ்பெல்லிங் பீயில் 'எஸ்' எழுத்தையே கொடுப்பதில்லை. கொடுத்தால் எல்லாப் பெயருக்கும் பின்னால் அதை ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளியைக் குவித்துவிடலாம். நமக்கு அந்தச் சிக்கல் பல மடங்கு. கள், ஐ, ஆல், கு, இல் என்று ஒட்டிக்கொண்டே போனால் ஒரே மரத்திலிருந்து ஒரு தோப்பே முளைக்கும். ஆகவே அக்காவின் விதி: அகராதியில் தலைச்சொல்லாக இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் இல்லை. புழக்கத்தில் உள்ள சொல்லுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு வந்தது. எங்களிடம் இருப்பது 2020இன் மூன்றாம் பதிப்பு. பழைய சொல், வட்டார வழக்கு என்றால் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்து, ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்களைச் சேர்த்துவைத்த பேருழைப்பு அது. இரண்டையும் இணையத்தில் தட்டிப் பார்க்க வசதி உண்டு. ஆனால் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: அகராதியை வழக்குத் தீர்க்க எடுங்கள், விடை தேட எடுக்காதீர்கள். தேடித் தரும் செயலிகளும் வேண்டாம். எழுத்தைப் போட்டால் சொல்லைக் கொட்டும் நிரலை வைத்துக்கொண்டு புதிர் போடுவதில் எனக்குத் துளியும் மரியாதை இல்லை. அதில் கமம் கிடைக்கும். கமம் சொன்ன மருமகளின் வயலைப் பற்றிய பேச்சு கிடைக்காது.

கணினி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அக்காவின் பேரன் எழுத்துகளைக் குலுக்கிக் கொடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினான். முதலில் அது புள்ளியைத் தனியாக, கொம்பைத் தனியாகப் பிய்த்துப் போட்டது. யூனிகோடில் க் என்பது க-வும் புள்ளியுமாக இரண்டு குறியீடு. கணினிக்கு அது ஒரே எழுத்து என்று தெரியாது. பைத்தான் மொழியில் ஓப்பன் தமிழ் என்ற திறந்த நூலகம் இதைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கிறது. தமிழில் புதிர்ச் செயலி செய்ய நினைக்கும் பிள்ளைகள் அங்கிருந்து தொடங்கலாம்.

குலுக்குவது விடை காண்பதற்கும் ரொம்ப முக்கியம். கொடுத்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதே தடத்தில் ஓடும். தாளில் வட்டமாக எழுதுங்கள். மெய்களை ஒரு பக்கம், உயிர்மெய்களை ஒரு பக்கம் பிரித்து எழுதுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், தமிழில் கண்ணைவிடக் காது கூர்மை. அப்படியும் வரவில்லையா, அப்படியே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். காலையில் பத்து நிமிடம், மத்தியானம் ஐந்து நிமிடம், ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார்வதைவிட இது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

சரி, உங்களுக்கு ஒன்று. அக்காவின் அனுமதியோடு தருகிறேன். எழுத்துகள்: சி, ட், பூ, ம், ப, டா, ச். கட்டாய எழுத்து எதுவும் இல்லை, மூன்றெழுத்தும் அதற்கு மேலும் எல்லாம் செல்லும். ட்-இலிருந்து தொடங்குங்கள், அதற்குப் பின்னால் டா-வும் வரலாம், சி-யும் வரலாம். அதிலேயே மூன்று சொல் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, நிலம் வாங்குகிறவர்கள் ஜோடியாகவே உச்சரிப்பவை, இன்னொன்று பறக்கும். ச்-க்கு யார் துணை என்று உங்களுக்கே தெரியும். முழுச்சொல்லும் ஒன்று இருக்கிறது, ஏழெழுத்து, ஒரு எழுத்துகூட இரண்டாம் முறை வராது. விடையைக் கீழே எழுதுங்கள், ஆனால் நாளை காலை ஏழு மணி வரை பொறுத்து.